கையை வெளியே எடுக்காதவன்

அந்த மாநிலத்தில் மக்கள் தூங்கிக்கொண்டே ஓட்டுப் போடத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முன்பு, விழித்திருந்தபோது, நூற்றுக்கு இருபத்திரண்டு பேர்தான் ஓட்டுப் போட்டார்கள். வரிசையில் நிற்க நேரமில்லை என்றார்கள், யார் வந்தாலும் ஒன்றுதான் என்றார்கள், செவ்வாய்க்கிழமை வேலை நாள் என்றார்கள். தூக்கத்திடம் இந்தச் சாக்குகள் செல்லவில்லை. மெல்லிய துணியில் நெய்த தலைப்பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு இருபது நிமிடம் கண்ணயர்ந்தால் போதும். இரண்டு வேட்பாளர்களின் குரலையும் பட்டை காதருகே மாற்றி மாற்றி முணுமுணுக்கும். மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று குறித்துக்கொள்ளும். முதல் தேர்தலிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் ஓட்டுப் போட்டார்கள். மக்களாட்சி பிழைத்துவிட்டது என்று இரண்டு கட்சிகளும் சொல்லின. அவை ஒரே நாளில் ஒரே கருத்தைச் சொன்னது அது ஒரு முறைதான்.

ஆனால் எல்லாக் கனவும் தெளிவாக வருவதில்லை. நூற்றில் இரண்டோ மூன்றோ மங்கலாக வரும். இயந்திரத்துக்கு அது புரியாது. பட்டை பதிந்துவைத்த கனவுக்குள் மனிதர்கள் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு அந்த நாட்டில் பழைய வழக்கம் ஒன்று உதவியது. ஓட்டுச் சீட்டைத் தொடுகிற எந்த வேலையையும் அங்கே ஒருவர் தனியாகச் செய்யக்கூடாது. பெட்டியைப் பூட்ட இருவர் வேண்டும், அதைக் காரில் ஏற்றிக்கொண்டு போக இருவர் வேண்டும். அந்த இருவரும் எதிரெதிர்க் கட்சிகளில் பதிவு செய்தவர்களாக இருக்க வேண்டும். காகிதத்துக்கு இருந்த வழக்கம் கனவுக்கும் அப்படியே வந்து சேர்ந்தது.

நறுமுகையும் அவளுடைய அண்ணி சுடர்க்கொடியும் எட்டு ஆண்டுகளாக அப்படிப்பட்ட ஒரு ஜோடி. பெரிய ஏரியின் தென்கரையில் இருந்த ஆல்டர்மியர் கவுண்டி என்ற மாவட்டத்தில் தமிழ்க் குடும்பங்கள் பெருகியபோது, தமிழில் வரும் கனவுகளைப் பார்க்கத் தமிழ் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். தமிழ்ச் சங்கத்தில் கேட்டபோது டெமாக்ரட் கட்சியில் பதிவு செய்தவர்கள் பத்துப் பேர் கையைத் தூக்கினார்கள். ரிபப்ளிகன் கட்சிக்கு ஒருவரும் இல்லை. சங்கத்தில் யாரும் கட்சிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சின்னத்தை வைத்துக் கழுதை, யானை என்பார்கள். யானைக்கு ஆள் இல்லையென்றால் தமிழ் ஜோடியே கிடையாது என்று கவுண்டி சொல்லிவிட்டது. சுடர்க்கொடி எழுந்து, பேருக்குத்தானே, நான் யானையில் சேர்ந்துகொள்கிறேன் என்றாள்.

பேருக்குச் சேர்ந்தவள் பயிற்சிக் கூட்டங்களுக்குப் போனாள். பிறகு சாதாரணக் கூட்டங்களுக்கும் போனாள். மூன்றாம் ஆண்டு அவள் வீட்டு வாசல் புல்லில் யானைக் கட்சி வேட்பாளரின் பெயர்ப் பலகை நின்றது. அவள் எப்போது உண்மையாகவே மாறினாள் என்று நறுமுகை பலமுறை யோசித்திருக்கிறாள். ஒரு நாளைக் குறிக்க முடியவில்லை. தான் இன்னும் பொறுமையாகப் பேசியிருந்தால் மாறியிருக்க மாட்டாளோ என்றும் தோன்றும். பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கும் நறுமுகைக்கு எதையும் அதனதன் அடுக்கில் வைத்துப் பார்த்துப் பழக்கம். அண்ணியை வைக்க மட்டும் அடுக்கு கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் இருவரும் வரியைப் பற்றியும் பள்ளிகளைப் பற்றியும் மோதிக்கொள்வார்கள். நடுவில் அமர்ந்திருக்கும் பரிதி, நறுமுகையின் அண்ணன், சுடர்க்கொடியின் கணவன், காலித் தட்டைக் காட்டுவான்.

"இந்தப் பக்கம் கழுதை, அந்தப் பக்கம் யானை. நடுவுல இருக்கற மனுஷனுக்கு யாராவது சாம்பார் ஊத்துவீங்களா?"

பரிதி வாழ்நாளில் ஓட்டுப் போட்டதில்லை. குடியுரிமை வாங்கிய ஆண்டு, காகிதக் காலத்தின் கடைசித் தேர்தல்களில் ஒன்றில், உயர்நிலைப் பள்ளி ஒன்றின் வாகன நிறுத்துமிடத்தில் ஆறு மணி நேரம் தூறலில் நின்றான். மேசைக்குப் போனதும் பட்டியலில் பெயர் இல்லை என்றார்கள். அடையாள அட்டையில் பரிதி முத்தையா, பட்டியலில் முத்தையா பரிதி. இரண்டும் நானேதான், ஒன்று அப்பா பெயர் என்று விளக்கிப் பார்த்தான். பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். வீட்டுக்கு வந்து ஈரச் சட்டையை மாற்றிவிட்டு, இனிமேல் எனக்கு வேண்டாம் என்றான். அவ்வளவுதான். தலைப்பட்டை வந்த பிறகும் கட்டிக்கொள்ளவில்லை. இரண்டு தேர்தல்களைத் தவறவிட்டவர்களுக்குக் கவுண்டியிலிருந்து ஓர் அட்டை வரும். நான் இருக்கிறேன் என்று கையெழுத்திட்டு அனுப்பினால் பெயரை வைத்திருப்பார்கள். அந்த அட்டையை மட்டும் ஒழுங்காக அனுப்புவான்.

இப்போது அவனால் அட்டை அனுப்ப முடியாது. மூன்று குளிர்காலங்களுக்கு முன்பு வீட்டு வாசல் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தவன் இன்னும் எழவில்லை. மூச்சு அவனுடையது. உணவு மட்டும் குழாய் வழியாகப் போனது.

தேர்தலுக்கு மறுநாள் புதன்கிழமை காலை, கவுண்டி அரங்குக்குப் போகும் வழியில், சுடர்க்கொடிதான் காரை ஓட்டினாள்.

"நேத்து மத்தியானம் அவருக்குப் பட்டை கட்டிட்டாங்களாம்" என்றாள் சுடர்க்கொடி.

"என்ன வந்துச்சுன்னு சொன்னாங்களா அண்ணி?"

"சொல்ல மாட்டாங்க. போன தடவை மாதிரி வெறுமையா வந்தா ரெண்டாவது வெறுமை. அட்டையும் போகல. பட்டியல்லருந்து எடுத்துருவாங்க."

"எடுத்தா?"

"உனக்குத் தெரியாதா? தூக்கத்துலகூட ஓட்டுப் போட முடியலைன்னா உள்ள ஆள் இல்லைன்னு அர்த்தமாம். டிசம்பர் பத்தாம் தேதி குழாயை எடுத்துருவாங்க."

நறுமுகைக்குத் தெரியும். வக்கீல் அனுப்பிய தாள்களை அவள் மூன்று முறை படித்து, பக்க ஓரங்களில் பென்சிலால் எண் போட்டு வைத்திருந்தாள். யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதிய சட்டம் இல்லை அது. செத்தவர்களின் பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்கத்தான் முதலில் கொண்டுவந்தார்கள். எல்லாரும் ஓட்டுப் போடுகிற மாநிலத்தில் ஓட்டுப் போடாதவர் செத்தவர்போலத்தானே என்று பிறகு யாரோ கேட்டார்கள். அதற்குப் பிறகு யாரோ மருத்துவமனைகளுக்கும் அந்தப் பட்டியலையே அனுப்பிவைத்தார்கள். ஒவ்வொரு படியும் சிறியது. எந்தப் படியில் நின்று தடுத்திருக்கலாம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் படிகளில் ஒன்றுக்குத் தானே ஆதரவாக ஓட்டுப் போட்டிருப்பாளோ என்றும் சந்தேகம்.

"மங்கலா வந்திருந்தா" என்று அவள் தொடங்கினாள்.

"பேசாத."

"இல்ல அண்ணி, மங்கலா வந்தா நம்மகிட்டத்தானே..."

"நறு, பேசாத. எந்தச் சீட்டைப் பத்தியும் கூட வேலை செய்யறவங்ககிட்ட பேசலைன்னு இன்னும் அரை மணி நேரத்துல கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணணும். எனக்குப் பொய் சத்தியம் வராது. முகம் காட்டிக் கொடுத்துரும்."

அதன் பிறகு ஏரிதான் பேசிக்கொண்டு வந்தது. இடது பக்கம் சாம்பல் நிறத்தில், கரை தெரியாமல், சாலையோடு கூடவே வந்தது.

அரங்கு ஒரு காலத்தில் பள்ளிக் கூடைப்பந்து மைதானமாக இருந்தது. தரையில் கோடுகள் இன்னும் இருந்தன. மூடப்பட்ட பல் மருத்துவமனை ஒன்றிலிருந்து வாங்கிய சாய்வு நாற்காலிகளை இரண்டிரண்டாக அந்தக் கோடுகள்மேல் போட்டிருந்தார்கள். உயரமான சன்னல்களிலிருந்து வெயில் சாய்ந்து விழுந்தது. நாற்பது பேர் பகலில் கண்ணை மூடிப் படுத்திருக்கும் இடத்துக்கே உரிய ஓர் அமைதி அங்கே இருந்தது. அவ்வப்போது ஒருவர் புன்னகைப்பார், ஒருவர் காலை உதறுவார்.

தமிழ் வரிசைக்கு மேற்பார்வை வெர்னீஸ் டப்ஸ். முப்பது ஆண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவள். எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாததால்தான் அவளுக்கு அந்த வேலை. வழக்கம்போல விதிகளை உரக்கப் படித்தாள். கனவு காண்பவர் யாரென்று தெரிந்துவிட்டால் நாற்காலிக் கையில் இருக்கும் மணியை அடித்துவிட்டு எழுந்துவிட வேண்டும். அந்தக் கனவு வேறு ஜோடிக்குப் போகும். வேறு ஜோடி இல்லாத மொழியென்றால் வெறுமை என்று பதிவாகும்; தமிழுக்கு இவர்கள் ஒரு ஜோடிதான். கனவு முடிந்ததும் ஒருவரோடொருவர் பேசாமல் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் குறி போட வேண்டும். இரண்டு சீட்டும் ஒத்துப்போனால் ஓட்டு. ஒத்துப்போகாவிட்டால் வெறுமை.

இருவரும் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தார்கள். தமிழில் அன்று பதினொரு மங்கல் வந்திருப்பதாக வெர்னீஸ் சொன்னாள். நறுமுகை பதினொன்று என்பதை மனத்தில் எழுதிக்கொண்டாள். அண்ணியின் பக்கம் திரும்பவில்லை.

அடுத்தவர் கனவுக்குள் போவது தண்ணீருக்குள் கண்ணைத் திறப்பது போன்றது. முதலில் வெறும் நிறம். பிறகு அந்த நிறத்திலிருந்து நாற்காலி, மரம், யாருடைய முதுகோ ஒன்று மெல்லப் பிரிந்து வரும். வேட்பாளர்கள் தங்கள் முகத்தோடு யாருடைய கனவிலும் வருவதில்லை. ஆளுநர் பதவிக்கு நின்ற இருவரில், கழுதைக் கட்சியின் ஹால்வர்சனுக்குக் கரகரத்த குரல். கனவுகளில் அவர் சளி பிடித்தவராக வந்தார். யானைக் கட்சியின் திருமதி கார்பெட் வேகமாகப் பேசுவாள். அவள் டிக்கெட் பரிசோதகராகவோ கணக்கு டீச்சராகவோ வந்தாள். குரலைக் கேட்டு ஆளைத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் தீர்மானிப்பது குரல் அல்ல. கையைப் பார் என்பதுதான் பயிற்சியில் சொன்ன முதல் பாடமும் கடைசிப் பாடமும். கனவில் ஒரு கணத்தில் எல்லாரும் யாரிடமாவது எதையாவது கொடுப்பார்கள். அதுதான் ஓட்டு.

முதல் கனவில் ஒரு பெண் நீச்சல் குளத்தின் அடியில் சேலை வாங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு விற்பனையாளர்கள் ஒரே நிறத்துச் சேலைகளை மாற்றி மாற்றி விரித்தார்கள். சேலைகள் தண்ணீரில் நின்று ஆடின. கடைசியில் அவள் சளி பிடித்தவரிடம் கைப்பையைக் கொடுத்து, பிடித்துக்கொள்ளுங்கள் என்றாள். இருவரும் ஹால்வர்சன் என்று குறித்தார்கள். இரண்டாவது கனவில் ஒருவர் ரயிலுக்கு பிஸ்கட் ஊட்டினார். டிக்கெட் பரிசோதகர் வந்து நின்றதும் அவளுக்கும் ஒன்று கொடுத்தார். கார்பெட். சீட்டுகளைப் பிரித்த வெர்னீஸ் தலையை ஆட்டினாள். எட்டு ஆண்டுகளில் இந்த ஜோடியின் சீட்டுகள் நான்கு முறைதான் வேறுபட்டிருந்தன. சாப்பாட்டு மேசையில் அத்தனை சண்டை போடும் இருவருக்கும் அடுத்தவர் கனவில் ஒரே கைதான் தெரிந்தது.

ஏழாவது கனவு தொடங்கியபோது நிறமே இல்லை. நெடுநேரம் சாம்பல்தான். இயந்திரம் பழுதோ, தன் கண்தான் பழுதோ என்று நறுமுகை நினைத்தபோது, அந்தச் சாம்பல் மெல்லிய தூறல் என்று புரிந்தது.

வாகன நிறுத்துமிடம். நீளமான வரிசை. நின்றவர்கள் எல்லாருக்கும் ஒரே முதுகு. வரிசை வளைந்து வளைந்து போய் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியே வந்து, ஏரிமேல் நடந்து போனது. தூறல் யாரையும் நனைக்கவில்லை. கடைசியில் ஒருவன் நின்றான். சிவப்புக் கம்பளித் தொப்பி. காதை மூடும் அதன் மடல்களில் ஒன்று இன்னொன்றைவிட இரண்டு விரல் நீளம்.

அந்தத் தொப்பியைப் பின்னியவள் பக்கத்து நாற்காலியில் படுத்திருந்தாள். அவளுடைய மூச்சு நின்று மறுபடி தொடங்கியதை நறுமுகை கேட்டாள். மணி தன் வலது விரலுக்கு அடியில் இருந்தது. விரல் அதன்மேல் இருந்தது. அண்ணியின் மணி ஒலிக்கும் என்று எதிர்பார்த்தாள். ஒலிக்கவில்லை. தன் விரலும் அசையவில்லை.

பரிதி நன்றாக இருந்தான். படுக்கையில் கிடப்பவனைப்போல மெலிந்து இல்லை. இரண்டு கைகளையும் சட்டைப்பைகளுக்குள் விட்டுக்கொண்டு, லேசாக முன்னும் பின்னும் ஆடியபடி நின்றான். அவன் எங்கும் அப்படித்தான் நிற்பான். வலது பக்கம் சளி பிடித்த ஒருவர் தட்டில் எதையோ ஏந்தி வந்து, கொடுங்கள் என்றார். இடது பக்கம் டீச்சர் ஒருத்தி வந்து, சீக்கிரம் கொடு என்றாள். நறுமுகை கைகளையே பார்த்தாள். பைக்குள் விரல்கள் அசைவது துணிக்கு வெளியே தெரிந்தது. கை வரவில்லை.

"வேண்டாங்க" என்றான் பரிதி. மூன்று ஆண்டுகளாகக் கேட்காத குரல், கொஞ்சமும் தேயாமல். "நீங்க போங்க. நான் சும்மா நிக்கறேன்."

பின்னாலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டான். அவர்கள் அவனைத் தாண்டிப் போய் ஏரிமேல் நடந்தார்கள். அவன் தூறலைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. இருபது நிமிடமும் அப்படியே நின்றான்.

கண்ணைத் திறந்தபோது வெயில் கூடைப்பந்துக் கோட்டைத் தாண்டி நகர்ந்திருந்தது. வெர்னீஸ் ஆளுக்கொரு சீட்டைக் கொடுத்தாள். மூன்று கட்டங்கள்: ஹால்வர்சன், கார்பெட், தெரியவில்லை. நடுவே மரத் தடுப்பு இருந்ததால் அண்ணியின் தோளுக்குமேல் எதுவும் தெரியவில்லை.

நறுமுகை ஒழுங்காக யோசிக்க முயன்றாள். தெரியவில்லை என்பதுதான் உண்மை. இல்லை, அதுவும் உண்மை இல்லை. அவளுக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது. வேண்டாம் என்று அவன் சொன்னது எந்த ஓட்டையும்விடத் தெளிவாக இருந்தது. அதற்குத்தான் கட்டம் இல்லை. தெரியவில்லை என்று குறித்தால் வெறுமை, டிசம்பர் பத்து. அண்ணி மணியை அடிக்கவில்லை. அடிக்கவில்லை என்றால் அவளும் ஏதோ ஒரு பெயரைக் குறிக்கப் போகிறாள். எந்தப் பெயர்? அண்ணி இப்போது உண்மையான யானை. பயத்தில் கை பழகிய பக்கம்தான் போகும். கழுதைக்குக் குறி போடச் சொன்னால் அவள் கை முறிந்துவிடும். ஆகவே விட்டுக்கொடுக்க வேண்டியவள் தான்தான். கார்பெட் வந்தால் பள்ளி நூலகங்களை மூடுவேன் என்று வெளிப்படையாகவே சொல்லியிருந்தாள். ஒரு ஓட்டில் ஒன்றும் ஆகாது என்று நறுமுகை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எட்டு ஆண்டுகளாக அடுத்தவர்களிடம் அவள் சொல்லிவந்ததற்கு நேர்மாறு அது. கார்பெட் கட்டத்தில் குறி போட்டாள். பென்சில் வழவழவென்று போனது. தவறாக யோசித்துவிட்டோமோ என்று தோன்றுவதற்குள் சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டாள்.

வெர்னீஸ் சீட்டுகளைப் பிரித்தாள். ஒன்றைப் பார்த்தாள். இன்னொன்றைப் பார்த்தாள். தடுப்பை எடுத்துவிட்டு இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

நறுமுகையின் சீட்டில் கார்பெட். சுடர்க்கொடியின் சீட்டில் ஹால்வர்சன்.

பக்கத்து வரிசையில் யாரோ தூக்கத்தில் சிரித்தார்கள். நறுமுகை அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். தன் முகத்தில் என்ன இருந்ததோ அதுவே அங்கேயும் இருந்தது. இரண்டு பேரும் ஒரே கணக்கைப் போட்டிருந்தார்கள். இரண்டு பேரும் அடுத்தவள் விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று நம்பியிருந்தார்கள். இருவரில் ஒருத்தி மட்டும் பிடிவாதக்காரியாக இருந்திருந்தால் பரிதி பிழைத்திருப்பான்.

வெர்னீஸ் நீல உறையை எடுத்தாள். வெறுமைச் சீட்டுகள் போகும் உறை. வாயைத் திறந்தவள் நிறுத்தினாள். சீட்டுகளின் மூலையில் இருந்த கட்சிக் குறியைப் படித்தாள், மறுபடி படித்தாள். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இழுப்பறையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தாள். நெடுநேரம் புரட்டினாள். நறுமுகைக்கு அந்தப் பக்கங்களின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

இருவரையும் அருகே அழைத்துத் தாழ்ந்த குரலில் விளக்கினாள். சீட்டுகள் வேறுபட்டால் வெறுமை என்ற விதி எதற்காக? ஆளாளுக்குத் தன் கட்சிக்கு இழுப்பார்கள் என்பதற்காக. அதே பக்கத்தில் கீழே ஒரு துணைவிதி இருக்கிறது. தன் கட்சிக்கு எதிராக ஒருவர் சொல்லும் சாட்சியத்தைத் தள்ளக்கூடாது. யாரோ ஒரு வக்கீல் எழுதி வைத்தது. ஒரு முறைகூட யாருக்கும் தேவைப்பட்டதில்லை. இங்கே இரண்டு சாட்சிகளும் தங்கள் கட்சிக்கு எதிராகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே இரண்டையும் தள்ள முடியாது.

"தள்ள முடியலைன்னா?" என்று சுடர்க்கொடி கேட்டாள்.

"ரெண்டையும் எழுதிக்கணும். ஒரே பதவிக்கு ரெண்டு பேருக்கும் குறி போட்ட சீட்டு" என்றாள் வெர்னீஸ். "காகிதக் காலத்துல ஒவ்வொரு தேர்தலுக்கும் நூறு வரும். அந்த ஓட்டு யாருக்கும் சேராது. ஆனா ஓட்டுப் போட வந்தவர் வந்தவர்தான். வந்தவங்க பட்டியல்ல பேர் ஏறிடும்."

நறுமுகை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நன்றி என்றோ, நான் பார்த்தது அதுவல்ல என்றோ. எதுவென்று அவளுக்கே தெரியவில்லை. வெர்னீஸ் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"கையைப் பார்த்தீங்களான்னு நான் கேக்கணும். கேட்டா நீங்க பதில் சொல்லணும். எனக்கு இன்னும் நாலு கனவு பாக்கியிருக்கு." நீல உறையை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள். "நாற்காலிக்குப் போங்க."

மீதி நான்கையும் பார்த்தார்கள். அவற்றில் ஒன்றுகூட நறுமுகைக்குப் பிறகு நினைவில் இல்லை. சீட்டுகள் நான்கும் ஒத்துப்போயின என்பது மட்டும் நினைவிருந்தது.

வெளியே வந்தபோது மணி நாலு. பனி தொடங்கியிருந்தது. சுடர்க்கொடி காரைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நீ ஏன்டி கார்பெட்டுக்குப் போட்ட?"

"நீங்க விட்டுக்கொடுக்க மாட்டீங்கன்னு நினைச்சேன் அண்ணி."

"நான் விட்டுக்கொடுக்க மாட்டேனா? வீட்டுல யாரு பெரிய பிடிவாதம், நீயா நானா?"

"இன்னைக்கு வரைக்கும் நீங்கதான்."

சுடர்க்கொடி சிரித்தாள். மூன்று குளிர்காலங்களாக அவள் இப்படிச் சிரித்து நறுமுகை கேட்கவில்லை. சிரிப்பு நெடுநேரம் போனது. எங்கேயோ அது வேறொன்றாக மாறியது. நறுமுகை கைக்குட்டையைத் தேடினாள், கிடைக்கவில்லை, தன் கம்பளித் துண்டைக் கொடுத்தாள்.

"எவ்வளவு அழகா நின்னாரு பாத்தியா" என்றாள் சுடர்க்கொடி, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "தெளிவா வேண்டாம்னு சொன்னாரு. நாம ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்னு பைக்குள்ள இருந்த கையைப் பிடிச்சு இழுத்துட்டோம்."

"ஓட்டுதான் வேண்டாம்னாரு அண்ணி."

"அது மட்டும்தானா?"

நீங்க போங்க என்று அவன் சொன்னது யாரிடம் என்று நறுமுகை யோசித்துக்கொண்டிருந்தாள். கொடு என்று கேட்டு நின்ற இருவரிடமா, வரிசையில் நின்றவர்களிடமா, கனவுக்கு வெளியே படுத்திருந்த தங்களிடமா? சும்மா நிற்கிறேன் என்றவனை நிற்க விட்டிருக்கிறோம் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம், அவனுக்காக இல்லை, தங்களுக்காகத்தான் செய்தோம் என்று தோன்றியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டில் எதையும் தள்ள முடியவில்லை. அடுத்த தேர்தலுக்கு இரண்டு ஆண்டுகள் இருந்தன.

மறுநாள் காலை பதினோரு மணிக்குப் பராமரிப்பு இல்லத்துக்குப் போனார்கள். பட்டியல் ஏற்கெனவே வந்திருந்தது. முதல் வெறுமைக்குப் பிறகு பரிதியின் கட்டில் காலில் கட்டியிருந்த ஆரஞ்சு நிற நாடாவை ஒரு நர்ஸ் கத்தரித்து எடுத்தாள். உங்கள் ஆள் ஓட்டுப் போட்டுவிட்டாரே, வாழ்த்துகள் என்றாள். ஆளுநராக யார் வந்தார் என்று அந்த நர்ஸ் சொல்லித்தான் இருவருக்கும் தெரிந்தது. நறுமுகையின் நூலகம் தப்பியிருந்தது.

நர்ஸ் போன பிறகு சுடர்க்கொடி கதவைச் சாத்தினாள். கட்டிலுக்குமேல் குனிந்து அவன் காதருகே வாயைக் கொண்டுபோனாள்.

"இங்க பாருங்க. நீங்க நேத்து ஓட்டுப் போட்டுட்டீங்க. ஒண்ணு இல்ல, ரெண்டு. கழுதைக்கு ஒண்ணு, யானைக்கு ஒண்ணு. நீங்க வேண்டாம்னுதான் சொன்னீங்க, எங்க காதுல நல்லா விழுந்துச்சு. உங்க தங்கச்சியும் நானும்தான் போட வெச்சோம்."

பரிதியின் முகம் அப்படியே இருந்தது. சன்னலிலிருந்து வந்த பனி வெளிச்சம் அதன்மேல் மெல்ல மாறிக்கொண்டிருந்தது. போர்வைக்கு வெளியே கிடந்த கைகளைச் சுடர்க்கொடி எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக, போர்வைக்குள் வைத்தாள்.

பிறகு இருவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவன் கோபப்படுவதற்காகக் காத்திருந்தார்கள்.